சம்பந்தியை ‘நீ’ என்று கூப்பிடுவதா?

போன வாரம் விமான நிலையத்தில் இரண்டு ஓரகத்திகளையும் பெட்டிக்காகத் தவிக்க விட்டுவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன் என்று கோபித்துக்கொண்டவர்கள் அதிகம். கோபத்தை விடுங்கள். பெட்டி கிடைத்துவிட்டது. புடவைகள் கசங்கியிருந்தன, அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தை இன்றைக்குத்தான் புரட்டுகிறவர்களுக்காக நாலு வரி. பெரியவள் மருந்துக்கடை நடத்துகிறவள். கணவர் போனபிறகு தனி ஆளாகக் கடையைத் தூக்கி நிறுத்தியவள், அதனால் கொஞ்சம் கறார். சின்னவள் அவளுடைய கொழுந்தனார் மனைவி. அவளுக்கும் அதே கடையில்தான் வேலை. பெரியவள் மருந்து எடுத்துக் கொடுப்பாள், சின்னவள் வருகிறவர்களிடம் வாய் கொடுப்பாள். பெரியவளின் ஒரே மகள் இந்தப் பிரெஞ்சுத் தலைநகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வெளியூர் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளர். வந்த இடத்தில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்த்து, பிடித்துப்போய், அம்மாவிடம் சொல்லி, அம்மா கொஞ்ச நாள் பேசாமல் இருந்து, பிறகு பேசி, சம்மதமும் கொடுத்தாகிவிட்டது.

பையனின் அம்மாவுக்குப் பிரெஞ்சைத் தவிர வேறு மொழி தெரியாது. அந்த அம்மாள் வீட்டில்தான் இன்று மதியச் சாப்பாடு. சம்பந்திகள் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது இதுதான் முதல் தடவை.

சம்மதம் சொன்ன கையோடு பெரியவள் ஒரு காரியம் செய்திருந்தாள். போனில் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்துவிட்டாள். கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, இருமல் மருந்துப் புட்டிகளைப் பார்த்துப் பிரெஞ்சில் நலம் விசாரித்துக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர்கள் சிலர் சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டதும் உண்டு.

இப்போது அந்த உழைப்புக்குப் பலன் கிடைத்துக்கொண்டிருந்தது. இறங்கிய நாளிலிருந்து பெரியவளுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒரு பெண் குரல் சொன்னால், கூடவே இவளும் சொன்னாள். கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பூங்கா பெஞ்சில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒட்டுக் கேக்கறது தப்பு," என்றாள் சின்னவள்.

"ஒட்டுக் கேக்கல. பாடம் படிக்கிறேன். அந்தாள் மேலதான் தப்பு, தெரியுமா?"

இன்று காலையில் ரொட்டி வாங்கப் போனார்கள். மகள் தூங்கிக்கொண்டிருந்ததால் துணைக்கு ஆள் இல்லை. அதுவே பெரியவளுக்குக் குஷி. கடைக்குள் நுழைந்ததும் நேரே கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தை எடுத்து விட்டாள். நீள ரொட்டி ஒன்று வேண்டும், நன்றாக வெந்ததாக. இலக்கணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

கடைக்காரப் பெண் அவளைப் பார்த்து, "போன்ஜூர், மதாம்," என்றாள்.

பெரியவள் மறுபடியும் ரொட்டியைக் கேட்டாள். இந்தத் தடவை சற்று உரக்க.

"போன்ஜூர், மதாம்," என்றாள் அந்தப் பெண் மறுபடியும். சிரிக்கவில்லை. ரொட்டி எடுக்கக் கையும் நீளவில்லை.

"காது கேக்கலையோ என்னவோ," என்று சின்னவள் பின்னாலிருந்து அனுதாபப்பட்டாள்.

பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வகுப்பில் டீச்சர் தலைப்பாடாகச் சொல்லியிருந்தாள். இவர்களிடம் வணக்கம் சொல்லாமல் எதையும் ஆரம்பிக்கக் கூடாது. வணக்கம் சொல்லாமல் கேட்டால் கேட்டதாகவே கணக்கில்லை. கடைக்காரி ஆகிய தானே இன்னொரு கடைக்காரியிடம் இப்படி நடந்துகொண்டோமே என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

அவள் சின்னவளின் கையைப் பிடித்தாள். கடைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள். மூச்சை ஒரு தரம் இழுத்து விட்டுக் கதவைத் திறந்து மறுபடியும் உள்ளே வந்தாள்.

"போன்ஜூர், மதாம்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாருமே திருப்பிச் சொன்னார்கள். கடைக்காரப் பெண் சிரித்தாள். இருந்ததிலேயே நன்றாக வெந்த ரொட்டியைத் தேடி எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, நாள் நல்லபடியாகப் போகட்டும் என்றும் வாழ்த்தினாள்.

திரும்பி வரும்போது இந்த ஊர்க்காரர்கள் செய்வதுபோலவே ரொட்டியின் முனையைப் பிய்த்துத் தின்றுகொண்டே நடந்தார்கள். பெரியவளுக்கு ஒரே பெருமை.

"நம்ம கடையிலயும் இதைக் கொண்டு வரணும்டீ. உள்ளே காலை வெக்கும்போதே 'தலைவலி மாத்திரை ரெண்டு'ங்கிறானுங்க. வணக்கம் சொன்னாத்தான் மாத்திரைன்னு போர்டு மாட்டிடலாம்."

"மாட்டுங்க. பக்கத்துத் தெருக் கடைக்காரன் உங்களுக்கு மாலை போடுவான்."

வீட்டுக்கு வந்தால் மகள் எழுந்து, அம்மாவின் கசங்கிய புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஏதோ யோசனை.

"அம்மா, ஒரு சின்ன விஷயம்."

"நீ சின்ன விஷயம்னு ஆரம்பிச்சா அது சின்னதா இருந்ததே இல்ல. சொல்லு."

"அங்க போனதும் நீ தமிழ்லயே பேசு. நான் அவங்களுக்குச் சொல்லிடறேன்."

பெரியவள் ரொட்டியை மேஜைமேல் வைத்தாள். "அப்போ நான் இத்தனை மாசமாப் படிச்சது?"

"போன்ஜூர் சொல்லு. நன்றிக்கு மெர்ஸி சொல்லு. அதுக்கு மேல வேண்டாம்மா, ப்ளீஸ். அவங்க ரொம்ப வேகமாப் பேசுவாங்க. நீ ஒண்ணு நினைச்சு ஒண்ணு சொல்லி, ஏடாகூடமாப் போயிட்டா?"

பெரியவளின் முகம் சுண்டிப் போயிற்று. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. மகளின் குடும்பம் இனி இந்த மொழியில்தான் நடக்கப் போகிறது. நாளைக்குப் பிறக்கப் போகிற குழந்தை இந்த மொழியில்தான் சிணுங்கும். சம்பந்தியோடு ஆயுசுக்கும் நடுவில் ஆள் வைத்துக்கொண்டா பேசுவது? தன் வாயால் பேசி, தன் காதால் கேட்டு உறவாட வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு பாடும். இன்றைக்கு அது ஆரம்பமாகவில்லை என்றால் இனி எப்போதும் ஆகாது என்று அவள் மனசுக்குப் பட்டது.

சின்னவள் மெதுவாகக் கேட்டாள். "ஏம்மா, ஆஸ்பத்திரியில உன் வேலைக்கு ஏதோ சட்டம் இருக்குன்னியே, அது என்ன?"

"கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. கேட்டதைக் கேட்டபடி சொல்லணும்."

"வீட்டுக்கும் அதே சட்டம்தானே?"

இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்குவதில் மகளுக்குத் திடீரென்று அவ்வளவு மும்முரம்.

மாப்பிள்ளை வீடு பழைய கட்டடம். படி சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டே போயிற்று.

"லிஃப்ட் மெக்கானிக் வீட்டுல லிஃப்ட் இல்ல," என்றாள் சின்னவள் மூச்சு வாங்கிக்கொண்டே. "இதையெல்லாம் விசாரிக்காம பொண்ணு குடுக்கறோம்."

கதவு திறந்தபோது சம்பந்தியம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். நீச்சல் குளத்தில் காலமெல்லாம் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அகலமான தோள், ஒட்ட வெட்டிய நரைமுடி, குளத்தின் அந்தக் கரைவரை எட்டுகிற குரல். வலது கன்னத்தோடு கன்னம், இடது கன்னத்தோடு கன்னம் வைத்து வரவேற்றார். பெரியவள் இதைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்ததால் பிசிறில்லாமல் நடத்திவிட்டாள். சின்னவள் மட்டும் ஊசி போட்டுக்கொள்கிறவள்போலக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.

சாப்பாட்டு மேஜை பெரியவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ரொட்டிக்குத் தட்டு கிடையாது, விரிப்பின் மேலேயே கிடந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவந்து கொட்டுவதும் கிடையாது. முதலில் சூப், அது முடிந்து ஒரு பேச்சு, பிறகு வறுத்த கோழி, அது முடிந்து ஒரு பேச்சு, பிறகு சாலட் இலைகளும் பாலாடைக் கட்டியும். எவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சூப்தான் மொத்தச் சாப்பாடும் என்று நினைத்து இரண்டு தரம் வாங்கிக் குடித்த சின்னவள், கோழி வந்தபோது பரிதாபமாக விழித்தாள்.

சம்பந்தியம்மாள் உட்கார்ந்த நேரத்தைவிட எழுந்து பரிமாறிய நேரம்தான் அதிகம். அவருடைய சூப் அப்படியே ஆறிக் கிடந்தது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. கையை ஆட்டி ஆட்டி, பெரியவளைப் பார்த்து நெடுநேரம் ஏதோ சொன்னார்.

மகள் திரும்பி, "உன்னைப் பாத்ததுல சந்தோஷமாம்," என்றாள்.

"அவ்வளவுதானா? மூச்சு விடாமப் பேசினாங்களே," என்றாள் சின்னவள்.

"பிரெஞ்சு அப்படித்தான் சித்தி. நீளமா வரும்."

"யாருக்குக் காது குத்தறே?"

பெரியவளுக்கு அந்த நேரத்தில் மகள்மேல் கோபம்கூட வரவில்லை. பாதிக்கு மேல் புரியவில்லைதான். ஆனால் அந்த ஓட்டம் காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. நடுநடுவே தெரிந்த வார்த்தை ஒன்று வரும்போதெல்லாம், கூட்டத்தில் தெரிந்தவரைப் பார்த்ததுபோலச் சிரித்துக்கொண்டாள். மருந்துக்கடையைப் பற்றி ஒரு கேள்வி வந்தபோது, மகள் வாயைத் திறக்குமுன் தலையை ஆட்டி "ஆமாம், மதாம்," என்று பிரெஞ்சில் சொல்லியும்விட்டாள். மகள் மேஜைக்கு அடியில் காலை மிதித்தாள். பெரியவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

பாலாடைக் கட்டி வந்தது. சம்பந்தியம்மாள் இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பெரியவளின் கைமேல் தன் கையை வைத்தார். மகளைப் பார்க்காமல், நேராகப் பெரியவளையே பார்த்து, குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். நாம் இனி ஒரே குடும்பம். இந்த ‘வூ’ எதற்கு? ‘து’ என்றே கூப்பிட்டுக்கொள்வோமே?

இதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். நமக்கு நீ வேறு, நீங்கள் வேறு என்று இருப்பதுபோலவே பிரெஞ்சுக்காரர்களுக்கும் உண்டு. நீங்கள் என்பதற்கு ‘வூ’. நீ என்பதற்கு ‘து’. அந்தப் பாடம் நடந்த அன்றைக்கே சின்னவள், "நம்ம ஆளுங்க மூஞ்சியைப் பாத்து அந்தச் சத்தத்தைப் போட்டா அடிதடிதான்," என்று சொல்லியிருந்தாள்.

பெரியவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரிந்ததும் தூக்கிவாரிப் போட்டது. சம்பந்தியை நீ என்பதா? பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் வா, போ என்று பேசுவதா? இந்த அம்மாள் பெருந்தன்மைக்காகக் கேட்கிறார். தான் அதைப் பிடித்துக்கொண்டு மரியாதையை விட்டுவிடக் கூடாது என்று அவள் நினைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். மனசுக்குள் ஒரு தரம் கோத்துப் பார்த்துவிட்டு, தெள்ளத் தெளிவான பிரெஞ்சில் சொன்னாள்.

"இல்லை, மதாம். ஒருபோதும் முடியாது. நான் உங்களை எப்போதும் ‘வூ’ என்றுதான் கூப்பிடுவேன்."

அவள் ஜென்மத்தில் பேசிய பிரெஞ்சிலேயே மிக நீளமானதும் பிழையில்லாததும் அதுதான். பெருமை தாங்காமல் மேஜையைச் சுற்றிப் பார்த்தாள்.

மாப்பிள்ளை தன் தட்டில் எதையோ தேடினான். சம்பந்தியம்மாள் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். "உங்கள் விருப்பம், மதாம்," என்று சொல்லிவிட்டு, பாதி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் தட்டுகளையும் சேர்த்து அடுக்கி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

"தப்பில்லாமச் சொன்னேன் இல்ல?" என்றாள் பெரியவள் மகளிடம்.

"ஒரு தப்பும் இல்ல. அதான் பிரச்சினை. தப்பும் தவறுமாச் சொல்லியிருந்தா, அம்மாவுக்குப் புரியலைன்னு சமாளிச்சிருப்பேன்." மகளின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அம்மாவையும் சித்தியையும் நடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "அவங்களா அதைக் கேக்கறது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமாம்மா? அவங்க மனசுல உனக்கு இடம் குடுத்தாங்க. நீ ‘ஒருபோதும் முடியாது’ன்னுட்டே."

"நான் மரியாதை குடுத்தேன்டீ."

"அவங்களுக்கு அது மரியாதை இல்ல. தள்ளி நில்லுன்னு சொன்ன மாதிரி."

"மரியாதை குடுத்தாக் கோவிச்சுக்கிறவங்களை இப்பத்தான் பாக்கறேன். உங்க அப்பா இருந்திருந்தா, சம்பந்தியை நீன்னு கூப்பிட்டதுக்கு என்னை வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டார்." சொல்லும்போதே பெரியவளின் குரல் இறங்கிவிட்டது. நடுவில் ஆள் இல்லாமல் பேசவேண்டும் என்று ஆசைப்பட்டாள். பேசிய முதல் வாக்கியமே அந்த அம்மாளை அடுப்படிக்கு விரட்டிவிட்டது.

சின்னவள் சுவரில் சாய்ந்துகொண்டு இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து உங்களை நீங்க, வாங்கன்னுதான் கூப்பிடறேன். ஒரு நாளாவது நீன்னு கூப்பிடணும்னு எனக்குத் தோணியிருக்காதுன்னு நினைக்கிறீங்களா?"

பெரியவள் திகைத்துப் போனாள். "நீ கேட்டதே இல்லையே."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? இப்போ அவங்களுக்குச் சொன்னதைத்தான்."

பெரியவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிப் பக்கம் நடந்தாள். மகள் பின்னாலேயே வந்தாள்.

"நீ வராதே. நான் கெடுத்ததை நானே சரிபண்ணிக்கிறேன்."

சம்பந்தியம்மாள் பாத்திரம் கழுவும் தொட்டியின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். குழாய் ஓடவில்லை. பெரியவள் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டாள். அது சுலபம், மூன்றாவது பாடத்திலேயே வந்துவிட்டது. எங்கள் வழக்கத்தில் சம்பந்தி என்றால் மரியாதை, பெரிய மரியாதை, என்று துண்டு துண்டாகச் சொன்னாள்.

அவர் திரும்பினார். கையைத் துடைத்துக்கொண்டே, ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே நிறுத்தி நிறுத்திப் பேசினார். இத்தனை வருஷம் தண்ணீருக்குப் பயந்த பிள்ளைகளிடம் பேசிய வாய், அதனால் பெரியவளுக்கு எதுவும் தப்பவில்லை. தன் மாமியாரைக் கடைசிவரை ‘வூ’ என்றுதான் கூப்பிட்டாராம். அவரும் இவரை ‘வூ’ என்றுதான். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுகூட ‘வூ’. போன பிறகுதான், அந்த மனுஷியைத் தனக்குக் கொஞ்சமும் தெரியாது என்று தெரிந்ததாம். என் பிள்ளையின் கல்யாணத்தில் அது வேண்டாம் என்று நினைத்தேன், வேறொன்றும் இல்லை, என்றார்.

பெரியவள் ‘து’ என்று சொல்லிவிடலாம் என்று உதட்டைக் குவித்தாள். உதடு குவிந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள். பழகிய நாக்கு ‘வூ’ என்றது.

"பரவாயில்லை, மதாம்," என்றார் அவர். சிரிக்கத்தான் சிரித்தார், ஆனால் கண்ணுக்கு அந்தச் சிரிப்பு ஏறவில்லை. தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே ஓர் இழுப்பறையைத் திறந்தார். வலி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்தார். இரண்டைப் பிதுக்கிக் கையில் கொட்டிக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோனார்.

பெரியவள் அந்த அட்டையைப் பார்த்தாள். பிரெஞ்சு போயிற்று, சம்பந்தி போயிற்று, மரியாதை போயிற்று. கடையில் நிற்கிற பழைய பெரியவள் திரும்பி வந்துவிட்டாள். எட்டி அந்தக் கையைப் பிடித்தாள்.

"ஏய், நில்லு. வெறும் வயித்துலயா போடறே? அதுவும் ரெண்டா? சூப்பைத் தொடலை, கோழியைத் தொடலை, நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன். குடல் வெந்து போகும், தெரியுமா உனக்கு? யார் சொன்னா உன்னை இப்படிப் போடச் சொல்லி? எத்தனை நாளா இந்தக் கூத்து? உக்காரு முதல்ல. உக்காருன்னு சொல்றேன் இல்ல."

மொத்தமும் தமிழில். மாத்திரைகளைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். குளத்தையே அதட்டிய அந்தப் பெரிய உருவத்தைத் தோளைப் பிடித்து அழுத்தி முக்காலியில் உட்காரவைத்தாள். மேடையில் கிடந்த ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துக் கையில் திணித்தாள்.

சத்தம் கேட்டு மகளும் சின்னவளும் ஓடி வந்தார்கள். சம்பந்தியம்மாள் கையில் ரொட்டியோடு மகளைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

"அது வந்து... உங்க உடம்பைப் பத்தி அம்மாவுக்குக் கொஞ்சம் கவலை..." என்று மகள் பிரெஞ்சில் ஆரம்பித்தாள்.

சின்னவளுக்கு வார்த்தை புரியவில்லை, ஆனால் அளவு புரிந்தது. "இவ்வளவு சின்னதாவா? அக்கா அவ்வளவு நேரம் கத்தினாங்க. ஆஸ்பத்திரியில சொல்ற மாதிரி சொல்லும்மா. கூட்டாம, குறைக்காம."

மகள் அம்மாவைப் பார்த்தாள். பெரியவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "சொல்லு. நான் சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல."

மகள் கண்ணை மூடிக்கொண்டு, ஆதியோடு அந்தமாகச் சொன்னாள். நில்லு என்றதை நில்லு என்றே சொன்னாள். தெரியுமா உனக்கு என்றதையும், யார் சொன்னது என்றதையும், இந்தக் கூத்து என்றதையும்கூட விடவில்லை. இருந்த ஒவ்வொரு ‘நீ’க்கும் ஒரு ‘து’ வந்து விழுந்தது.

சம்பந்தியம்மாள் ரொட்டியைக் கடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். மாப்பிள்ளை என்னவோ ஏதோ என்று அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தான். திட்டு வாங்கி அம்மா இவ்வளவு சந்தோஷப்பட்டு அவன் பார்த்ததே இல்லையாம், பிறகு சொன்னான்.

"நீ இப்படித் திட்டுவாய் என்று தெரிந்திருந்தால் முதலிலேயே மாத்திரையை எடுத்திருப்பேன்," என்றார் அவர் பெரியவளிடம். அந்த ‘நீ’ பெரியவளுக்குக் காதில் உறுத்தவில்லை. எங்கோ சொந்தக்காரர் வீட்டில் இருப்பதுபோல இருந்தது.

காப்பியை மேஜைக்குக் கொண்டுபோகவில்லை. அடுப்படியிலேயே நின்றும் உட்கார்ந்தும் குடித்தார்கள். பெரியவள் ஆறிய சூப்பைச் சூடு பண்ணச் சொல்லி, அது கடைசிச் சொட்டுவரை உள்ளே போகிறதா என்று காவல் நின்றாள். பிறகுதான் இடுப்பிலிருந்து மாத்திரையை எடுத்தாள். ஒன்று மட்டும்.

அதை வாங்கி விழுங்கிவிட்டு, தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, சம்பந்தியம்மாள் இயல்பாகச் சொன்னார். "நல்லதாகப் போயிற்று. நீ வந்துவிட்டால் என் மாத்திரையெல்லாம் உன் பொறுப்பு."

பெரியவள் மெதுவாகப் பிரெஞ்சில் கேட்டாள். "நான் வந்துவிட்டேனே?"

"இல்லை, இல்லை. மொத்தமாக வந்த பிறகு. கல்யாணத்துக்குப் பின்னால். உன் தங்கையிடம் கடையை விட்டுவிட்டு நீ இங்கேயே வந்துவிடப் போகிறாய் என்று உன் பெண் சொன்னாளே. மேல்மாடி அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. ஜன்னல் பக்கம் கட்டில். அதனால்தான், ஒரே கட்டடத்தில் இருக்கப் போகிறவர்களுக்குள் ‘வூ’ எதற்கு என்று கேட்டேன். உன் பெண் சொல்லவில்லையா?"

ஒரு வார்த்தை தப்பாமல் புரிந்தது. பெரியவள் மகளைப் பார்த்தாள். மகளின் கையில் காப்பிக் கோப்பை அப்படியே நின்றிருந்தது.

"என்னக்கா சொல்றாங்க?" என்றாள் சின்னவள். அவளுக்கு மட்டும்தான் அந்த அடுப்படியில் எதுவும் தெரியாது.

மகள் முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல சித்தி. மேல ஒரு ரூம் இருக்காம், அதைப் பத்தி..."

"நீ சொல்ல வேண்டாம்," என்றாள் பெரியவள்.

அவளுக்குக் கோபம் வந்தது. தன்னை ஒரு வார்த்தை கேட்காமல், தன் கடையையும் சின்னவளையும் மகள் இந்த மேஜையில் வைத்து ஏற்பாடு பண்ணியிருக்கிறாள். சொல்ல வெட்கமாக இருந்தாலும், கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. கடல் தாண்டி ஒருத்தி தனக்காக ஓர் அறைக்கு வெள்ளை அடித்து, ஜன்னல் பக்கம் கட்டில் போட்டு வைத்திருக்கிறாள். இந்த ஊரையும் இந்த மொழியையும் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது, அதுவேறு. பக்கத்தில் சின்னவள் ஒன்றும் தெரியாமல் காப்பியை ஊதிக்கொண்டிருந்தாள். பெரியவளுக்கு நெஞ்சுக்குள் இரண்டு பக்கமும் இழுத்தது.

அவள் கோப்பையைக் கழுவி வைத்தாள். சம்பந்தியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். உதட்டைக் குவித்தாள். இந்தத் தடவை தானாகவே வந்தது.

"நீ காட்டு, பார்க்கிறேன்," என்றாள் பிரெஞ்சில்.

மறு கையைச் சின்னவளிடம் நீட்டினாள். "நீயும் வா."

"நானும் வரேம்மா," என்றாள் மகள் அவசரமாக. "சித்திக்கு யார் சொல்லுவா?"

"நான் சொல்லுவேன். நீ இங்கேயே இரு."

மூன்று பேரும் படியேறிப் போனார்கள். மாப்பிள்ளை சாவி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். மகள் அடுப்படி வாசலில் நின்றாள். மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அம்மா பிரெஞ்சில் ஏதோ கேட்டாள், பிறகு சின்னவளிடம் தமிழில் ஏதோ சொன்னாள். அதற்குப் பிறகு சின்னவளிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மகள் முதல் படியில் கால் வைத்துக் காதைக் கொடுத்துப் பார்த்தாள். இரண்டு மொழியும் தெரிந்தவள், ஒன்றில்கூட ஒரு வார்த்தை அவள் காதில் விழவில்லை.